கான்ஸ்டபிளின் கை: ஒரு மதகு ஓவியமும் இரண்டு ஏலங்களும்

கேள்வி இதுதான்: ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் 'தி லாக்' 2012-இல் 2.24 கோடி பவுண்டுக்கு ஏலம் போனது. அவருடைய சின்ன ஸ்கெட்ச் ஒன்று 2013-இல் வெறும் 3,500 பவுண்டுக்கு விற்று, ஒன்றரை வருடத்தில் 52 லட்சம் டாலருக்குக் கை மாறியது. வயலையும் வாய்க்காலையும் வரைந்த ஒருவருக்கு ஏன் இந்த விலை? ஒரே படத்துக்கு ஏன் இரண்டு விலை?

இரண்டுக்கும் பதில் அவர் வேலை செய்த முறையில் இருக்கிறது. கண்காட்சியில் வைத்து விற்பதற்காக அவர் வரைந்த படங்கள் ஒரு வகை. யாருக்கும் விற்காமல், பெரும்பாலும் யாருக்கும் காட்டாமல், தனக்காகவே வரைந்து வைத்துக்கொண்டவை இன்னொரு வகை. முதல் வகையில் நல்லது சந்தைக்கு வருவது மிக அபூர்வம், அதனால் அந்த விலை. இரண்டாம் வகையில் கையெழுத்து கிடையாது, விற்ற கணக்கும் கிடையாது. அதனால்தான் அந்தக் குழப்பம். இதைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும்.

கான்ஸ்டபிள் 1776 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஈஸ்ட் பெர்கோல்ட் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா கோல்டிங் கான்ஸ்டபிள் வசதியான தானிய வியாபாரி. ஸ்டூர் ஆற்றங்கரையில் ஃப்ளாட்ஃபோர்டு என்ற இடத்தில் அவருக்கு நீராலை இருந்தது. பிறகு டெடம் ஆலையும் சேர்ந்தது. அரைத்த மாவு படகில் ஆற்றோடு இறங்கி, அங்கிருந்து கப்பலில் லண்டனுக்குப் போகும். மகன் தொழிலைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். ஜானும் கொஞ்ச காலம் அப்பாவின் காற்றாலையில் வேலை செய்தார். காற்றாலையில் நிற்பவனுக்கு வானத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்த மேகம் மழையாகும் என்பது அவனுக்குப் பிழைப்பு. பின்னாளில் இவர் வரைந்த வானங்களைப் பார்க்கும்போது அந்த ஆலைக்காரனின் கண் அதில் இருப்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

கடைசியில் தம்பி ஆப்ரம் தொழிலை ஏற்றுக்கொள்ள, ஜான் 1799-இல் லண்டன் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார். அந்தக் காலத்து அகாடமியில் நிலக்காட்சிக்கு மரியாதை குறைவு. சரித்திரம், புராணம், பைபிள் காட்சிகள்தான் மேல்தட்டு. நிலம் வரைவதென்றாலும் இத்தாலியக் குன்றுகளும் இடிந்த கோயில்களும் பொன்னிற வெயிலும் இருக்க வேண்டும். இவரோ சொந்த ஊரைத்தான் வரைவேன் என்றார். 1802-இல் ராணுவப் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை கிடைத்தது. அதை வேண்டாம் என்று விட்டுவிட்டார். வாழ்நாளில் அவர் இங்கிலாந்தை விட்டு வெளியே போனதே இல்லை.

வருமானம் இல்லாததன் வலி வீட்டில் தெரிந்தது. மரியா பிக்னெலும் அவரும் 1809-இலிருந்து காதலித்தார்கள். மரியாவின் தாத்தா ஈஸ்ட் பெர்கோல்டின் பாதிரியார். படம் வரைகிற பையனுக்குப் பேத்தியைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. ஏழு வருடம் காத்திருந்தார்கள். 1816-இல் ஜானின் அப்பா இறந்து, சொத்தில் பங்கு வந்த பிறகே, அதே ஆண்டு அக்டோபரில் திருமணம் நடந்தது. நடத்தி வைத்தவர் நண்பரான ஜான் ஃபிஷர். இந்த ஃபிஷரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கான்ஸ்டபிள் தன் கலையைப் பற்றிச் சொன்னவற்றில் முக்கால்வாசி நமக்குக் கிடைப்பது இவருக்கு எழுதிய கடிதங்களில்தான்.

அப்புறம் தான் பெரிய படங்கள் வருகின்றன. அகாடமி கண்காட்சியில் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரைவரை படங்களை நெருக்கி மாட்டுவார்கள். சின்ன நிலக்காட்சி அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். அதனால் கான்ஸ்டபிள் ஆறடி அகலத்துக்கு கான்வாஸ் துணியைப் பெரிதாக்கினார். அதுவரை சரித்திரக் காட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அளவில் ஒரு குதிரையையும் படகையும் ஆற்றங்கரையையும் வரைந்தார். 1819-இல் 'தி ஒயிட் ஹார்ஸ்'. அதை 100 கினிக்கு வாங்கியவர் ஃபிஷர். அதே ஆண்டு அகாடமியின் இணை உறுப்பினர் ஆனார். 1821-இல் 'தி ஹே வெயின்': ஆற்றில் இறங்கி நிற்கும் வண்டி, இடது பக்கம் வில்லி லாட்டின் வீடு. இன்று இங்கிலாந்தில் பிஸ்கட் டப்பாவில்கூட இருக்கும் இந்தப் படம் அந்தக் கண்காட்சியில் விற்கவில்லை.

வாங்கியவர் பாரிஸ் வியாபாரி ஜான் ஆரோஸ்மித். இன்னொரு ஆறடிப் படத்தையும் ஒரு சின்னப் படத்தையும் சேர்த்து மொத்தம் 250 பவுண்டு கொடுத்தார். 1824 பாரிஸ் கண்காட்சியில் 'தி ஹே வெயின்' தங்கப் பதக்கம் வாங்கியது. பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா அதைப் பார்த்துவிட்டுத் தன்னுடைய பெரிய படம் ஒன்றின் நிலப்பகுதியைத் திருத்தினார் என்பது கலை வரலாற்றில் எல்லோரும் சொல்லும் செய்தி. ஒரே பச்சையைப் பூசாமல் பல பச்சைகளை அடுத்தடுத்து வைத்து இலைகளை அசைய விடும் முறை பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதிது. கான்ஸ்டபிள் அப்போதும் பாரிஸ் போகவில்லை.

இந்த வரிசையில் 1824-இல் வந்ததுதான் 'தி லாக்'. மற்றவை படுக்கைவாட்டில் இருக்க, இது செங்குத்தான படம். நாலரை அடிக்குச் சற்று அதிக உயரம். ஃப்ளாட்ஃபோர்டில் படகுகளை மேல்மட்டத்திலிருந்து கீழ்மட்டத்துக்கு இறக்கும் மதகுதான் காட்சி. சிவப்பு அரைச்சட்டை போட்ட ஒரு ஆள் கம்பியை நெம்பி மதகைத் திறக்கிறான். உடம்பின் மொத்த எடையும் அந்தக் கம்பியின் மேல். படகு உள்ளே காத்திருக்கிறது, மரச்சட்டங்களின் இடுக்கில் தண்ணீர் பீறிடுகிறது, தூரத்தில் டெடம் தேவாலயக் கோபுரம். மேலே புயல் மேகம். மரத்தின் ஈரமும் பாசியும் கையில் ஒட்டுகிற மாதிரி வரைந்திருக்கிறார். மூன்று வருடம் முன்பு ஃபிஷருக்கு எழுதிய கடிதத்தில், ஆலை மதகிலிருந்து தண்ணீர் ஒழுகும் சத்தம், வில்லோ மரங்கள், உளுத்துப்போன பலகைகள், வழுவழுத்த கம்பங்கள், செங்கல் கட்டு என்று வரிசையாகச் சொல்லி, இவைதான் எனக்குப் பிடித்தவை, என்னை ஓவியனாக்கியவை என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தின் பட்டியலைத் துணியில் பார்க்க வேண்டுமென்றால் 'தி லாக்' போதும். அந்தச் சிவப்புச் சட்டையையும் கவனியுங்கள். சுற்றிலும் பச்சை இருக்கும் இடத்தில் ஒரு துளி சிவப்பை வைத்தால் பச்சை எழுந்து நிற்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 'தி ஹே வெயின்' குதிரைகளின் சேணத்திலும் அதே சிவப்பு உண்டு.

'தி லாக்' கண்காட்சி தொடங்கிய முதல் நாளே விற்றது. ஜேம்ஸ் மோரிசன் என்ற துணி வியாபாரி, படச்சட்டத்தோடு சேர்த்து 150 கினி கொடுத்தார். ஒரு கினி என்பது 21 ஷில்லிங். ஆக 157 பவுண்டு 10 ஷில்லிங். கான்ஸ்டபிள் வாழ்க்கையில் இப்படி நடந்தது அபூர்வம். அதன்பின் 1990 வரை படம் மோரிசன் குடும்பத்தை விட்டு நகரவில்லை. அந்த ஆண்டு சோதபிஸ் ஏலத்தில் கலைச் சேகரிப்பாளர் பாரன் தைஸன் 1.078 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அன்றைக்குப் பிரிட்டிஷ் ஓவியம் ஒன்றுக்குக் கிடைத்த மிக அதிக விலை அது.

2012 ஜூலை 3-இல் அவருடைய மனைவி கார்மென் தைஸன் அதை லண்டன் கிறிஸ்டிஸில் ஏலத்துக்கு விட்டார். கையில் ரொக்கம் வேண்டியிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். குடும்பத்துக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. மாட்ரிட் தைஸன் அருங்காட்சியகத்தின் அறங்காவலர் நார்மன் ரோசந்தால் எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார். ஏலம் போன தொகை 2,24,41,250 பவுண்டு. இந்த எண் ஏன் இப்படி முறிந்து நிற்கிறது என்று பலர் கேட்பார்கள். சுத்தியல் தட்டப்பட்ட விலை சரியாக 2 கோடி பவுண்டு. அதன்மேல் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குக் கமிஷன் கட்ட வேண்டும். அப்போதைய விகிதப்படி முதல் 25,000 பவுண்டுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 20 சதவீதம், மீதிக்கு 12 சதவீதம். கூட்டிப் பார்த்தால் 6,250, 95,000, 23,40,000; மொத்தம் 24,41,250. ஆக, செய்தியில் வரும் ஏல விலை விற்றவர் கைக்குப் போன தொகை அல்ல. அறிவிக்கப்பட்ட மதிப்பீடோ கமிஷன் சேர்க்காத சுத்தியல் விலைக்கானது. இந்தப் படத்துக்கு அது 2 கோடியிலிருந்து 2.5 கோடி. அப்படிப் பார்த்தால் படம் மதிப்பீட்டின் கீழ் வரம்பில்தான் போயிருக்கிறது, எதிர்பார்ப்பை மீறவில்லை.

ஏன் இவ்வளவு என்றால், ஆறடி வரிசையில் உள்ளவை கிட்டத்தட்ட எல்லாம் அருங்காட்சியகங்களில் அடைந்துவிட்டன. 'தி ஹே வெயின்' 1886 முதல் லண்டன் நேஷனல் கேலரியில். 'தி ஒயிட் ஹார்ஸ்' நியூயார்க் ஃபிரிக்கில். 'தி லீப்பிங் ஹார்ஸ்' ராயல் அகாடமியில். வெளியே மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். அதோடு, ஓவியர் கையிலிருந்து யார் யாரிடம் போனது என்ற வரலாறு ஒரு இடத்திலும் அறுபடவில்லை: மோரிசன், தைஸன், அவ்வளவுதான். சந்தை காசு கொடுப்பது அழகுக்கு மட்டுமில்லை, இந்த நிச்சயத்துக்கும்தான். ஒரு ஒப்பீடு சொல்கிறேன். 'தி லாக்' காட்சியின் இன்னொரு பிரதி, கான்ஸ்டபிள் சாகும்வரை தன்னிடமே வைத்திருந்தது, 2015 டிசம்பரில் சோதபிஸில் 91 லட்சம் பவுண்டுக்குப் போனது. அதே காட்சி, அதே கை; விலை பாதியைக்கூடத் தொடவில்லை. முதன்முதலில் கண்காட்சியில் வைத்த படம் என்ற தகுதிக்கு அவ்வளவு எடை.

சரி, இப்போது அந்த 3,500 பவுண்டு விஷயம்.

கான்ஸ்டபிளின் இரண்டாவது உலகத்துக்கு வருவோம். வெளியே போகும்போது ஒரு சின்ன வண்ணப் பெட்டியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, அதன் மூடியில் காகிதத்தையோ அட்டையையோ குத்தி, எண்ணெய் வண்ணத்திலேயே வேகமாக வரைவார். அந்தக் காகிதங்களின் மூலைகளில் ஊசித் துளைகளை இன்றும் பார்க்கலாம். பழுப்புச் சிவப்பில் ஒரு அடிப்பூச்சு போட்டு, அதைச் சில இடங்களில் மூடாமலே விட்டுவிடுவார்; இலைகளுக்கு நடுவே அந்தச் சூடு எட்டிப் பார்க்கும். 1821, 1822-இல் குடும்பத்தோடு ஹேம்ப்ஸ்டெட்டில் இருந்தபோது மேகங்களை மட்டும் டஜன் கணக்கில் வரைந்தார். மரம் இல்லை, அடிவானம்கூடச் சிலவற்றில் இல்லை. பின்பக்கத்தில் தேதி, மணி, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, வெயில் எப்படி என்று குறிப்பு. அந்தக் குறிப்புகளை அன்றைய வானிலைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். வானம்தான் நிலக்காட்சியில் உணர்வைச் சுமக்கும் முதன்மையான உறுப்பு என்று ஃபிஷருக்கு எழுதியவர், அந்த உறுப்பை இப்படிப் படித்துப் பழகினார்.

இதைவிட வியப்பானது, ஆறடிப் படங்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்னால் அதே ஆறடி அளவில் ஒரு ஸ்கெட்ச் போட்டது. காசுக்குக் கஷ்டப்பட்ட மனிதர், விற்க முடியாத ஒரு படத்துக்கு அத்தனை பெரிய துணியையும் வண்ணத்தையும் செலவழித்தார். 'தி ஹே வெயின்', 'தி லீப்பிங் ஹார்ஸ்' இரண்டின் ஸ்கெட்ச்களும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கத்தியால் இழுத்த வண்ணம், அவசரம், நடுங்கும் வெளிச்சம். நம் காலத்துக் கண்ணுக்கு முடித்த படத்தைவிட இவை உயிரோடு இருப்பதாகத் தோன்றும், எனக்கும் அப்படித்தான். ஆனால் அவருடைய காலத்தில் இது முடிக்காத வேலை, வெளியே காட்டக் கூடாதது.

1828 அவரை உடைத்த வருடம். மார்ச்சில் மரியாவின் அப்பா இறந்து 20,000 பவுண்டு வந்தது. இனி ஆறடித் துணியின் முன்னால் நிம்மதியாக நிற்கலாம் என்று எழுதினார். நவம்பரில் மரியா காசநோயில் இறந்தார், வயது 40. ஏழு குழந்தைகள். அடுத்த பிப்ரவரியில் அகாடமியின் முழு உறுப்பினராக, ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில், தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பெருமையைப் பகிர்ந்துகொள்ள அவள் இல்லை என்பதே அவருடைய துயரம். இதற்குப் பிறகு வந்த படங்களில் வண்ணம் தடித்து, வானம் இருண்டது. 1831-இல் அகாடமியில் வைத்த 'புல்வெளியிலிருந்து சாலிஸ்பரி பேராலயம்' அந்தக் காலத்தின் உச்சம்: கோபுரத்துக்கு மேல் கொந்தளிக்கும் வானம், அதன் குறுக்கே ஒரு வானவில், அது வந்து இறங்குவது நண்பர் ஃபிஷரின் வீட்டில். அதை அவர் விற்கவே இல்லை, திருத்திக்கொண்டே இருந்தார். 1837 மார்ச் 31-இல் அவர் இறந்தபின், நண்பர்கள் பணம் திரட்டி நேஷனல் கேலரிக்கு ஒரு படம் வாங்கிக் கொடுக்க நினைத்தபோது இந்தப் படத்தின் பெயர் வந்தது. தூரிகை வேலை ரொம்பத் துணிச்சல் என்று ஒதுக்கிவிட்டு, சாந்தமான 'தி கார்ன்ஃபீல்ட்' படத்தை வாங்கினார்கள். 2013-இல் டேட் அருங்காட்சியகம் அந்தச் சாலிஸ்பரியை 2.31 கோடி பவுண்டுக்கு வாங்கியது; பெரும்பகுதி லாட்டரி நிதியிலிருந்து வந்தது.

இந்தச் சாலிஸ்பரிக்கு கான்ஸ்டபிள் போட்ட ஸ்கெட்ச்களில் ஒன்றுதான் 2013 ஜூலையில் கிறிஸ்டிஸின் தென் கென்சிங்டன் அரங்குக்கு வந்தது. கேட்லாக்கில் 'ஃபாலோயர் ஆஃப் ஜான் கான்ஸ்டபிள்' என்று போட்டிருந்தார்கள். மதிப்பீடு 500 முதல் 800 பவுண்டு.

கேட்லாக்கில் ஓவியர் பெயருக்கு முன்னால் வரும் அந்தச் சொற்களுக்குத் தனி அர்த்தம் உண்டு. வெறும் பெயர் மட்டும் இருந்தால், இது அவர் கைதான் என்று நிறுவனம் சொல்கிறது. 'அட்ரிபியூட்டட் டு' என்றால் அவருடையதாக இருக்கலாம் என்ற கருத்து. 'ஸ்டுடியோ ஆஃப்' என்றால் அவர் பட்டறையில், ஒருவேளை அவர் மேற்பார்வையில் வரைந்தது. 'சர்க்கிள் ஆஃப்' அவர் காலத்தவர், அவர் பாதிப்பில் வரைந்தவர். 'ஃபாலோயர் ஆஃப்' வந்துவிட்டால் அவருடைய பாணியில் வேறு யாரோ, மாணவராகக்கூட இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படி இறங்கும்போதும் விலை பல மடங்கு விழும்.

ஏன் அப்படிப் போட்டார்கள்? படத்தைப் பார்த்தவர்களுக்கு அன்று தெரிந்தது இருண்ட, கனமான ஒரு மேற்பூச்சு. கான்ஸ்டபிளின் ஸ்கெட்ச் முடிக்காததாகத் தெரிகிறது என்று பிற்காலத்தில் யாரோ அதன்மேல் வண்ணம் பூசி 'முடித்து' வைத்திருந்தார்கள். ஸ்கெட்ச்சுக்கு மதிப்பில்லாத காலத்தில் இது ஒரு வியாபாரியின் சாதாரண வேலை. 3,500 பவுண்டுக்கு வாங்கியவர் அதைச் சுத்தம் செய்யக் கொடுத்தார். மேற்பூச்சு நீங்கியதும் கீழே வேறு ஒரு படம் இருந்தது. டேட்டில் முன்பு பணியாற்றிய கான்ஸ்டபிள் வல்லுநர் ஆன் லைல்ஸ் அது அவர் கைதான் என்று ஏற்றுக்கொண்டார். 2015 ஜனவரியில் நியூயார்க் சோதபிஸில் விலை 52 லட்சம் டாலர். கிறிஸ்டிஸ் தரப்பு, வல்லுநர்களிடையே தெளிவான ஒருமித்த கருத்து இல்லை என்று சொன்னது.

கிறிஸ்டிஸை ஒரேயடியாகக் குறை சொல்ல நான் தயாரில்லை, காரணம் கான்ஸ்டபிள் விஷயத்தில் இந்தச் சந்தேகம் நியாயமானது. ஸ்கெட்ச்கள் எல்லாம் பிள்ளைகளிடம் போயின. மகள் இசபெல் 1888-இல் பெரும் தொகுப்பை இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்துவிட்டார். அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான மூலங்கள் இருக்கின்றன. மற்றவை சிதறின. கடைசி மகன் லயனலும் ஓவியர். அப்பாவின் இடங்களையே வரைந்தார். குடும்பத்திலிருந்து வந்த படம் என்ற ஒரே காரணத்தால் லயனலின் படங்கள் பல ஜான் வரைந்தவையாகவே வலம்வந்தன. 1970-களில் லெஸ்லி பேரிஸ், இயன் ஃப்ளெமிங்-வில்லியம்ஸ் இருவரும் அவற்றைப் பிரித்தெடுத்தார்கள். பட்டறையில் உதவியாளராக இருந்த இளைய ஜான் டன்தோர்னின் கையும் நடுவில் வரும். போலிகள் தனி.

ஆகவே 'கான்ஸ்டபிள் பாணி' என்று ஒரு படம் ஏலத்துக்கு வந்தால், முதலில் நான் பார்ப்பது வானத்தை. பின்பற்றியவர்கள் மரத்தையும் வண்டியையும் நன்றாகவே போடுவார்கள். மேகம் எங்கிருந்து வெளிச்சம் வாங்குகிறது, அதன் நிழல் கீழே வயலில் எங்கே விழுகிறது என்ற கணக்கு அவர்களிடம் தடுமாறும். அடுத்து அடிப்பூச்சு, மூலைத் துளைகள், துணியின் பின்பக்கம், பழைய ஏலச் சீட்டுகள். 'இது அவர் கை இல்லை' என்று சொல்ல ஆய்வகம் உதவும்: 1920-ஐ ஒட்டிப் பழக்கத்துக்கு வந்த டைட்டானியம் வெள்ளை அடி அடுக்கில் கிடைத்தால் பேச்சு முடிந்தது. ஆமாம் என்று சொல்ல மட்டும், அவருடைய ஸ்கெட்ச்களை வருடக்கணக்கில் கையில் எடுத்துப் பார்த்த ஒருவர் தேவை. அப்படிப்பட்டவர்கள் ஒரு தலைமுறைக்குச் சிலர்தான். சந்தை அவர்களுடைய ஒரு சொல்லுக்காகக் காத்திருப்பதால்தான் ஒரே படம் 3,500 பவுண்டாகவும் 52 லட்சம் டாலராகவும் இருக்க முடிகிறது.